வெளுத்ததெல்லாம் ஒரே வெள்ளையா?

பொங்கலுக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது. வீட்டுக்குப் பெயின்ட் அடித்து முடித்தாயிற்று. கடைசி நேரத்தில் எலெக்ட்ரீஷியன் வந்து, ஹாலில் புதிதாக ஒரு பாயின்ட் வேண்டும் என்று சுவரை உடைத்துவிட்டுப் போகிறார். உடைத்த இடத்தைப் பூசி, பட்டி பார்த்து, பெயின்டர் மறுபடியும் வெள்ளை அடிக்கிறார். சாயங்காலம் பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காலை ஜன்னலைத் திறந்தால், சுவரில் பெரிய தபால்தலை ஒன்றை ஒட்டிவைத்த மாதிரி ஒரு சதுரம் மட்டும் தனியாக நிற்கிறது.

"என்னப்பா இது, வேற பெயின்ட்ட அடிச்சிட்டியா?"

"இல்ல சார், அதே கம்பெனி, அதே ஒயிட்டுதான் சார். பில்லப் பாருங்க."

"அதே ஒயிட்டுன்னா ஏன் இப்படித் திட்டுத்திட்டா தெரியுது?"

"காஞ்சா சரியாயிடும் சார்."

காய்ந்தது. சரியாகவில்லை. கணக்கு முடிக்கும் நாளில் வீட்டுக்காரர் கூலியில் ஆயிரமோ இரண்டாயிரமோ பிடித்துக்கொள்கிறார். இல்லையென்றால் அந்தச் சுவர் முழுவதையும் இன்னொரு முறை அடித்துக் கொடுக்கச் சொல்கிறார். அந்த ஒரு நாள் வேலைக்குக் கூலி கிடையாது. டப்பாவுக்குள் இருக்கும் டோக்கனுக்காகப் பெயின்டர் கம்பெனியை மாற்றிவிட்டார் என்றுகூடச் சந்தேகம் வரும்.

ஊர் பேர் வேறாக இருக்கலாம், இந்தக் காட்சி ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒன்றுதான். இதில் வீட்டுக்காரர் பொய் சொல்லவில்லை. அவர் கண்ணுக்குத் திட்டு தெரிகிறது. பெயின்டரும் பொய் சொல்லவில்லை. அவர் வாங்கியது அதே வெள்ளைதான். அப்படியானால் தப்பு யாருடையது? இந்தச் சண்டையில் வந்தே நிற்காத மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார். டப்பாவின் மேல் 'ஒயிட்' என்று மட்டும் எழுதிவிட்டு, எந்த வெள்ளை என்று சொல்லாமல் விட்டவர்.

முதலில் ஒரு அறையைச் சுற்றிப் பார்க்கலாம்

வெள்ளையில் என்னய்யா வித்தியாசம், எல்லாம் கம்பெனிக்காரன் வியாபாரத் தந்திரம் என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் ஒரே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். பிரின்டரில் போடும் ஏ4 தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வர வேண்டும். சுவரில் வைத்துப் பார்த்தால் சுவர் லேசாக மஞ்சள். சுவிட்ச் போர்டில் வைத்தால் அது ஒரு மாதிரி சாம்பல். ஃபிரிட்ஜில் வைத்தால் அது நீலம் கலந்த வெள்ளை. குளியலறை டைல்ஸ், வாஷ்பேசின், கதவு, கொடியில் காயும் வேட்டி எல்லாமே ஒவ்வொரு விதம். காலையிலிருந்து இத்தனையையும் 'வெள்ளை' என்ற ஒரே வார்த்தையில் அழைத்துக்கொண்டிருந்தோமே என்று தோன்றும்.

தமிழில் இந்த வித்தியாசம் தெரியாமல் இல்லை. பால் வெள்ளை, சங்கு வெள்ளை, முத்து வெள்ளை, தும்பைப்பூ வெள்ளை, தந்த நிறம், பழுப்பு என்று பேச்சிலேயே பிரித்துவைத்திருக்கிறார்கள். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவரை ஏமாளி என்று சொல்லும் மொழி இது. பெயின்ட் கடைக்குப் போகும்போது மட்டும் எல்லோரும் அந்த ஏமாளியாகிவிடுகிறார்கள்.

வெள்ளை எங்கிருந்து வருகிறது?

உப்புக்கல் கண்ணாடி மாதிரி இருக்கும். அதைப் பொடித்தால் வெள்ளை. கண்ணாடியையே நுணுக்கினாலும் வெள்ளைதான். இதில் எந்தச் சாயமும் இல்லை. சின்னச் சின்னத் துகள்களில் பட்ட வெளிச்சம் நாலாபக்கமும் சிதறித் திரும்பி வருகிறது. எல்லா நிறத்து ஒளியும் ஏறக்குறையச் சமமாகத் திரும்பி வந்தால் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. வெள்ளையின் கதை முழுவதும் அந்த 'ஏறக்குறைய'வில்தான் இருக்கிறது.

நம் ஊர் வீடுகளில் ஒரு காலத்தில் இருந்தது சுண்ணாம்பு. நீற்றிய சுண்ணாம்பை அடித்தவுடன் சுவர் ஈரமாக, அரைகுறையாகத் தெரியும். காயக் காயத்தான் வெளுப்பு ஏறும். காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடைச் சேர்த்துக்கொண்டு அது மறுபடியும் கால்சியம் கார்பனேட் ஆகிவிடும். சுண்ணாம்பில் கொஞ்சம் நீலம் கலப்பது வெள்ளையடிப்பவர்களின் வழக்கம். துணிக்கு நீலம் போடுவதும் இதே காரணத்துக்காகத்தான். லேசான மஞ்சளை நீலம் அடித்துவிடும். உண்மையில் சுவர் திருப்பி அனுப்பும் மொத்த வெளிச்சம் கொஞ்சம் குறைகிறது. ஆனால் பார்ப்பவர் 'பளிச்சென்று இருக்கிறது' என்பார். வெளிச்சத்தின் அளவு வேறு, வெள்ளையாகத் தெரிவது வேறு என்பதை எந்த ஆய்வுக்கூடமும் இல்லாமல் தெரிந்துவைத்திருந்த தொழில் அது.

இன்றைய பெயின்டில் வெள்ளையைத் தருவது டைட்டானியம் டை ஆக்சைடு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நார்வேயிலும் அமெரிக்காவிலும் தொழிற்சாலை அளவில் தயாரிக்கத் தொடங்கி, அதுவரை இருந்த ஈய வெள்ளையையும் துத்தநாக வெள்ளையையும் ஓரங்கட்டிவிட்டது. காரணம் எளிது. ஒளியை வளைக்கும் திறனை ஒளிவிலகல் எண் என்று பள்ளியில் படித்திருப்பார்கள். பெயின்டில் உள்ள பசைக்கு அது சுமார் 1.5. சுண்ணாம்புப் பொடிக்குச் சுமார் 1.6. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் பசைக்குள் போன சுண்ணாம்புப் பொடி கண்ணுக்கு மறைந்துவிடும். டைட்டானியம் டை ஆக்சைடின் ரூட்டைல் வகைக்குச் சுமார் 2.7. அதனால் இரண்டு கோட்டிங்கிலேயே அடியில் இருக்கும் சுவரை மறைத்துவிடுகிறது.

இதற்கான மூலப்பொருள் இல்மனைட் என்ற கறுப்பு மணல். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலும், கேரளத்தின் சவறைக் கடற்கரையிலும் கிடைக்கிறது. உலகத்தின் வெள்ளைச் சுவர்களுக்கான நிறம் கறுப்பு மணலிலிருந்து வருகிறது என்பதே ஒரு வேடிக்கைதான். திருவனந்தபுரத்தில் உள்ள டிராவன்கூர் டைட்டானியம் நிறுவனம் அனடேஸ் வகையைத் தயாரிக்கிறது. சவறையில் உள்ள கேஎம்எம்எல் ரூட்டைல் வகையைத் தயாரிக்கிறது. இரண்டும் வேதியியலில் ஒரே பொருள். ஆனால் ரூட்டைல், ஊதா நிற ஒளியில் சிறிதளவை விழுங்கிவிடுவதால் ஒரு துளி மஞ்சள் சாயல் கொண்டது. அனடேஸ் அதைவிடக் குளிர்ந்த வெள்ளை. ஆனால் மறைக்கும் சக்தி குறைவு, வெயிலில் நின்றால் சீக்கிரம் மாவாக உதிரும்.

ஆக, மூலப்பொருளிலேயே இரண்டு வெள்ளை. இதோடு முடியவில்லை. டைட்டானியம் விலை அதிகம். விலை குறைந்த பெயின்டில் அதைக் குறைத்துவிட்டுச் சுண்ணாம்புப் பொடி, சீனக் களிமண், டால்க் எல்லாம் சேர்ப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சாயல். அதற்குமேல் மஞ்சளை மறைக்கத் துளி நீலமோ ஊதாவோ சேர்ப்பார்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு பக்குவம். ஒரே அரிசி, ஒரே உளுந்து என்றாலும் வீட்டுக்கு வீடு இட்லி வேறாக இருப்பதில்லையா?

டப்பாவுக்கு டப்பா மாறுவது எப்படி?

'ஆஃப் ஒயிட்', 'ஐவரி' போன்றவை இன்று பெரும்பாலும் கடையிலேயே மெஷினில் கலக்கப்படுகின்றன. வெள்ளை அடிப்படைப் பெயின்டில் மஞ்சள், கறுப்பு, காவி போன்ற சாயங்களைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 20 லிட்டருக்கு 10 மில்லி மஞ்சள் என்று வைத்துக்கொண்டால், ஒரு லிட்டருக்கு அரை மில்லி. மெஷின் 0.1 மில்லி தவறினால் 20 லிட்டர் வாளியில் அது நூற்றுக்கு ஒரு பங்கு பிழை. ஒரு லிட்டர் டப்பாவில் அதே 0.1 மில்லி நூற்றுக்கு இருபது பங்கு பிழை. வீடு முழுக்க அடிக்க வாங்கியது பெரிய வாளி. கடைசியில் திட்டை மறைக்க வாங்குவது சின்ன டப்பா. திட்டு ஏன் இன்னும் பெரிதாகத் தெரிகிறது என்பதற்கு ஒரு விடை இதில் இருக்கிறது.

தொழிற்சாலையிலிருந்தே வெள்ளையாக வரும் டப்பாவிலும் பேட்ச் மாறினால் சின்ன வித்தியாசம் வரலாம். இதனால்தான் அனுபவசாலிப் பெயின்டர்கள் ஒரே பேட்ச் எண் பார்த்து மொத்தமாக வாங்குவார்கள். பேட்ச் வேறாக இருந்தால் எல்லா டப்பாவையும் ஒரு பெரிய டிரம்மில் கொட்டிக் கலக்கிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்கள்.

அதன் பிறகும் சங்கதி இருக்கிறது. தண்ணீர் அதிகம் ஊற்றினால் வேறு. ரோலரில் அடித்தால் ஒரு மாதிரி, பிரஷ்ஷில் அடித்தால் ஒரு மாதிரி. மேட் ஃபினிஷ் ஒரு மாதிரி, பளபளப்பானது ஒரு மாதிரி. புதிதாகப் பூசிய இடம் பெயின்டை உறிஞ்சும் வேகம் வேறு. பழைய சுவரில் ஏற்கெனவே மாதக்கணக்கில் படிந்த புகையும் தூசியும் வேறு. கதவுக்கு அடிக்கும் எண்ணெய் எனாமல் வெள்ளைக்கு இன்னொரு குணம் உண்டு: வெளிச்சம் படாத இடத்தில் அது மஞ்சளாகிக்கொண்டே போகும். கதவில் சாய்த்து வைத்திருந்த காலண்டரையோ பெட்டியையோ எடுத்துவிட்டுப் பார்த்தால் கதவில் அதன் அச்சு மஞ்சளாக நிற்பது இதனால்தான். வெளிச்சத்தில் சில நாள் விட்டால் அந்த மஞ்சள் ஓரளவு போய்விடும்.

வெளிச்சமும் கண்ணும்

கடையில் குழல் விளக்கின் கீழே பார்த்த வெள்ளை, வீட்டில் வேறாகத் தெரிகிறது என்பது எல்லோரும் சொல்லும் குறை. கடைக்காரர் ஏமாற்றியிருக்க வேண்டியதில்லை. 6500 கெல்வின் என்று போட்டிருக்கும் விளக்கு நீலம் கூடியது. 2700 கெல்வின் விளக்கு மஞ்சள். வெள்ளைச் சுவருக்குச் சொந்த நிறம் குறைவு என்பதால் விளக்கின் நிறத்தை அப்படியே வாங்கித் திருப்பித் தரும். பக்கத்து வீட்டுச் சுவர் பச்சையாக இருந்தால் அதையும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும்.

இங்கே வெளிநாட்டு அறிவுரை ஒன்றையும் சொல்ல வேண்டும். வடக்கு பார்த்த அறைக்கு நேர் வெயில் வராது, வெளிச்சம் நீலமாக இருக்கும், அதனால் மஞ்சள் கலந்த வெள்ளை அடியுங்கள் என்று இங்கிலாந்து, அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதும். அதை அப்படியே மொழிபெயர்த்து இங்கேயும் சொல்கிறார்கள். லண்டனுக்கு அது சரி. சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிவெயில் வடக்குப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். கன்னியாகுமரியில் இன்னும் அதிக நாட்கள். வருஷத்தில் மூன்று நான்கு மாதம் வடக்கு ஜன்னலில் வெயில் வரும் ஊருக்கு அந்த விதி எப்படிப் பொருந்தும்?

இன்னொரு விஷயம் கண்ணின் இயல்பு. அடர்ந்த சிவப்பில் சிறிய வித்தியாசம் இருந்தால் கண் அதைக் கவனிக்காமல் விட்டுவிடும். சாயலே இல்லாத வெள்ளை, சாம்பல் நிறங்களில் அதே அளவு வித்தியாசத்தைக் கண் சட்டென்று பிடித்துவிடும். அதுவும் இரண்டும் ஒட்டி ஒட்டி இருந்தால் கேட்கவே வேண்டாம். எதிரெதிர்ச் சுவர்களில் இருந்தால் கண்டுபிடிக்கவே முடியாத வித்தியாசம், ஒரே சுவரில் திட்டாக இருந்தால் வாசலிலிருந்தே தெரியும். எல்லா நிறத்தையும்விடச் சுலபமானது வெள்ளை என்று நினைத்துத்தான் பலர் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒட்டுப்போட மிகவும் கஷ்டமான நிறங்களில் ஒன்று அதுதான்.

பெயர் இருக்கிறது, அளவு இல்லை

இனி வணிகவியலுக்கு வரலாம். பி.காம். முதல் வருஷப் பொருளியலில் முற்றுரிமைப் போட்டி என்று ஒரு பாடம் வரும். 1933-இல் சேம்பர்லின் விளக்கியது. பல விற்பனையாளர்கள், ஏறக்குறைய ஒரே மாதிரியான பொருள். ஒவ்வொருவரும் தன் பொருள் தனி என்று காட்டப் பெயர், பெட்டி, விளம்பரம் எல்லாம் செய்வார்கள். பாடப் புத்தகத்தில் சோப்பையும் பற்பசையையும் உதாரணம் காட்டுவார்கள். வெள்ளை பெயின்ட் அதைவிட நல்ல உதாரணம்.

பெயரில் எவ்வளவு வியாபாரம் இருக்கிறது என்பதற்கு அமெரிக்காவைப் பார்க்கலாம். 2016-ஆம் ஆண்டின் நிறமாக பெஞ்சமின் மூர் நிறுவனம் தேர்ந்தெடுத்தது 'சிம்ப்ளி ஒயிட்'. அதே ஆண்டுக்கு ஷெர்வின் வில்லியம்ஸ் தேர்ந்தெடுத்தது 'அலபாஸ்டர்'. இரண்டும் வெள்ளை. 2026-க்கு பான்டோன் நிறுவனம் அறிவித்ததும் 'கிளவுட் டான்சர்' என்ற வெள்ளையைத்தான். நிறமே இல்லாத நிறத்தை ஆண்டின் நிறம் என்று விற்கிறார்களே என்று கிண்டல் செய்தவர்கள் உண்டு.

இந்தக் கிண்டல் புதிதில்லை. 1948-இல் வந்த 'மிஸ்டர் பிளான்டிங்ஸ் பில்ட்ஸ் ஹிஸ் ட்ரீம் ஹவுஸ்' என்ற ஹாலிவுட் படத்தில் ஒரு காட்சி. வீட்டம்மா ஒவ்வொரு அறைக்கும் என்ன நிறம் வேண்டும் என்று பெயின்டருக்கு நுணுக்கமாக விளக்குவார். சமையலறைக்கு வெள்ளைதான், ஆனால் ஆஸ்பத்திரி வெள்ளை கூடாது, கொஞ்சம் கதகதப்பாக இருக்க வேண்டும், அதேசமயம் வேறு நிறம் என்று தோன்றிவிடவும் கூடாது என்பார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்ட பெயின்டர், அம்மா போனதும் புரிந்ததா என்று தன் ஆளைக் கேட்க, அந்த ஆள் எல்லாவற்றையும் ஒற்றை வார்த்தைகளில் சுருக்கிச் சொல்வார். அவர் பட்டியலில் சமையலறை வெறும் வெள்ளை. தியேட்டரே சிரித்திருக்கும். ஆனால் யோசித்துப் பார்த்தால் அந்த அம்மா கேட்டதில் தவறே இல்லை. அவருக்குத் தேவையான வெள்ளை உண்மையிலேயே தனியாக இருக்கிறது. அதைச் சொல்ல அவரிடம் இருந்தது வார்த்தை மட்டும்தான். வார்த்தையால் வெள்ளையை அளக்க முடியாது என்பதுதான் அங்கே பிரச்சினை.

அளக்க வழி இல்லையா? நன்றாகவே இருக்கிறது. முதலாவது, எல்ஆர்வி என்கிற எண். சுவரில் விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு எவ்வளவு திரும்புகிறது என்று சொல்வது. ஷெர்வின் வில்லியம்ஸ் தன் வெள்ளைகளுக்கு இதை வெளியிடுகிறது. 'ஹை ரிஃப்ளெக்டிவ் ஒயிட்' 93. 'எக்ஸ்ட்ரா ஒயிட்' 86. 'பியூர் ஒயிட்' 84. 'அலபாஸ்டர்' 82. பெயரை மட்டும் படித்தால் 'எக்ஸ்ட்ரா' பெரிதா 'பியூர்' பெரிதா என்று பட்டிமன்றம் வைக்க வேண்டியதுதான். எண்ணைப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடுகிறது.

இரண்டாவது, 1976-இல் சிஐஇ என்ற சர்வதேச ஒளியியல் அமைப்பு பரிந்துரைத்த மூன்று எண் முறை. வெளுப்பு எவ்வளவு, சிவப்பா பச்சையா, மஞ்சளா நீலமா என்று மூன்று எண்களில் எந்த நிறத்தையும் குறித்துவிடலாம். இரண்டு நிறங்களுக்கு நடுவே உள்ள தூரத்தையும் ஒரே எண்ணில் சொல்லலாம். அந்த வித்தியாசம் சுமார் 1-க்குக் கீழே இருந்தால் பெரும்பாலான கண்களுக்குத் தெரியாது. பெரிய பெயின்ட் கம்பெனிகளின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இந்த அளவை எடுக்கும் கருவி உண்டு. அதாவது எண் ஏற்கெனவே அவர்கள் கையில் இருக்கிறது. டப்பாவுக்குத்தான் வந்து சேரவில்லை.

ஐரோப்பாவில் ஆர்ஏஎல் என்ற பொது நிற அட்டவணை உண்டு. அதில் 9003 என்றால் சிக்னல் வெள்ளை, 9010 என்றால் தூய வெள்ளை, 9016 என்றால் போக்குவரத்து வெள்ளை. எந்தக் கம்பெனியிடம் போய் 9010 கேட்டாலும் அந்த ஒரே இலக்கை நோக்கித்தான் கலக்குவார்கள். இந்தியாவிலும் ஐஎஸ் 5 என்ற தரநிலை இருக்கிறது. 537 என்றால் சிக்னல் சிவப்பு, 101 என்றால் வான நீலம். அரசு டெண்டர்களில் இந்த எண்களைப் பார்க்கலாம். வீட்டுச் சுவருக்கு வரும்போது மட்டும் ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று ஒரு எண், தனக்கென்று ஒரு பெயர் வைத்திருக்கிறது. அந்த எண் அவர்களுடைய புத்தகத்துக்கு மட்டும் புரியும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தை வணிகச் சட்டப் பாடத்தில் எல்லா பி.காம். மாணவர்களும் மனப்பாடம் செய்கிறார்கள். அதன் 15-ஆவது பிரிவு, விவரம் சொல்லி விற்றால் சரக்கு அந்த விவரத்துக்குப் பொருந்த வேண்டும் என்கிறது. 17-ஆவது பிரிவு, மாதிரி காட்டி விற்றால் மொத்தச் சரக்கும் அந்த மாதிரியின் தரத்துக்கு ஒத்திருக்க வேண்டும், ஒப்பிட்டுப் பார்க்க வாங்குபவருக்கு நியாயமான வாய்ப்பும் தர வேண்டும் என்கிறது.

ஷேட் கார்டு என்பது மாதிரிதானே? அப்படித்தான் வாங்குபவர் நினைக்கிறார். ஆனால் அட்டையின் கீழே, அச்சில் உள்ள நிறமும் உண்மை நிறமும் சற்று மாறுபடலாம் என்று பொடி எழுத்தில் ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். மாதிரி என்று காட்டவும் வேண்டும், மாதிரி இல்லை என்று தப்பிக்கவும் வேண்டும். மாறுபடலாம் என்பதில் நியாயம் உண்டு. காகிதத்தில் அச்சடித்த மையும் சுவரில் காய்ந்த பெயின்டும் ஒன்றாக இருக்க முடியாதுதான். ஆனால் எவ்வளவு மாறுபடலாம்? எல்லை சொல்லாத வரைக்கும் எதைக் கொடுத்தாலும் 'சற்று'தான்.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளின் தரம், அளவு, வீரியம், தூய்மை, விலை போன்றவற்றைத் தெரிந்துகொள்வது நுகர்வோரின் உரிமை என்கிறது. நிறத்துக்காகவே வாங்கும் ஒரு பொருளில் நிறத்தின் அளவு தெரியாமல் மற்றதெல்லாம் தெரிந்து என்ன பயன்?

டப்பாவில் எண் போட்டால் என்ன கெட்டுவிடும்?

கேட்பது பெரிய காரியம் இல்லை. எல்ஆர்வி எண், மூன்று நிற எண்கள், பேட்சுக்குப் பேட்ச் அதிகபட்சம் எவ்வளவு மாறலாம் என்ற எல்லை. இவ்வளவும் டப்பாவின் ஓரத்தில் இரண்டு வரியில் அடங்கிவிடும். பேட்ச் எண்ணைக் கண்ணுக்குத் தெரிகிற அளவில் அச்சடிக்க வேண்டும். கடையில் கலக்கிக் கொடுத்தால் கலவைச் சீட்டை டப்பாவிலேயே ஒட்டித் தர வேண்டும்.

செலவாகும் என்பார்கள். பெயின்ட் டப்பாவில் எண் போடுவது இந்தியாவில் புதிய பழக்கம் இல்லை. வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம் அளவைத் தாண்டக் கூடாது என்று 2016-இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. 2017 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. அதை லேபிளிலும் குறிப்பிட வேண்டும். அதனால் எந்தக் கம்பெனியும் மூடப்படவில்லை.

சாதாரண மக்களுக்குப் புரியாது என்பார்கள். 2006-இல் மின்சாதனங்களுக்கு நட்சத்திர லேபிள் வந்தபோதும் இதையேதான் சொல்லியிருக்க முடியும். இன்று ஃபிரிட்ஜ் வாங்கப் போகிறவர் முதலில் எத்தனை ஸ்டார் என்றுதான் கேட்கிறார். புரியும்படி கொடுத்தால் புரிந்துகொள்வார்கள்.

இதைவிட வேடிக்கை, அதே வெள்ளைப் பெயின்ட் மொட்டைமாடிக்குப் போனால் எண் தானாக வந்துவிடுகிறது. வெயில் சூட்டைக் குறைக்கும் கூரைப் பெயின்டுகளில், சூரிய ஒளியை எவ்வளவு திருப்பி அனுப்பும் என்ற எண்ணைக் காட்டித்தான் விற்கிறார்கள். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் 2021-இல் பேரியம் சல்பேட்டைக் கொண்டு சூரிய ஒளியில் 98.1 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பெயின்டை உருவாக்கியபோது, உலகம் முழுக்கச் செய்தியானது அந்த எண்தான். எண் விற்பனைக்கு உதவும் இடத்தில் எண். எண் பொறுப்பைக் கொண்டுவரும் இடத்தில் வெறும் அழகான பெயர். இது தெரியாமல் நடப்பது என்று நம்ப முடியவில்லை.

சுவர், தண்ணீர், வெளிச்சம் எல்லாம் மாறும்போது டப்பாவில் எண் இருந்து என்ன பயன் என்ற கேள்வி மட்டும் நியாயமானது. எண் இருந்தாலும் திட்டு வரத்தான் செய்யும். ஆனால் அந்தத் திட்டு டப்பாவால் வந்ததா, கையால் வந்ததா என்று அப்போது பிரித்துப் பார்க்கலாம். இன்று அதைப் பிரிக்க வழியே இல்லை. வழி இல்லாத இடத்தில் பழி எப்போதும் இருப்பவர்களில் மிகவும் எளியவர் மேல்தான் விழுகிறது. கம்பெனி எங்கேயோ இருக்கிறது. கடைக்காரர் 'ஓப்பன் பண்ண டப்பாவ எடுத்துக்க மாட்டோம்' என்று சொல்லிவிடுவார். ஏணியின் மேல் நிற்பவர் மட்டும்தான் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறார்.

அதுவரை...

சட்டம் வரும்போது வரட்டும். அதுவரை வீட்டுக்காரர்கள் செய்யக்கூடியது சில உண்டு. அட்டையைப் பார்த்து முடிவு செய்யாமல், சின்ன டப்பா ஒன்று வாங்கிச் சுவரிலேயே இரண்டடிக்கு இரண்டடி அடித்துக் காலை, மதியம், ராத்திரி மூன்று வேளையும் பார்க்கலாம். டப்பாக்களை ஒரே நாளில் ஒரே பேட்சில் வாங்கலாம். பேட்ச் எண்ணை செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம். வேலை முடிந்ததும் மிச்சப் பெயின்டில் ஒரு லிட்டராவது இறுக்கி மூடி எடுத்து வைக்கலாம். எலெக்ட்ரீஷியன், பிளம்பர் வேலையெல்லாம் முடிந்த பிறகே கடைசிக் கோட்டிங்கை அடிக்கச் சொல்லலாம். அப்படியும் ஒரு இடத்தில் உடைத்தால், அந்தத் திட்டை மட்டும் அடிக்காமல் மூலையிலிருந்து மூலை வரை அந்த ஒரு சுவரை முழுவதும் அடிப்பது நல்லது. சுவர் திரும்பும் இடத்தில் வெளிச்சமே மாறிவிடுவதால் வித்தியாசம் அங்கே ஒளிந்துகொள்ளும். அந்த ஒரு சுவருக்கான கூலியையும் முதலிலேயே பேசிவிட வேண்டும்.

அவ்வளவும் செய்த பிறகும் ஒரு திட்டு தெரிந்தால், கணக்கு முடிக்கும்போது பெயின்டரின் கூலியில் கை வைப்பதற்கு முன்னால் அந்த இரண்டு டப்பாக்களையும் எடுத்துப் பேட்ச் எண்ணை ஒரு முறை பார்த்துவிடலாம். அவர் சொன்னதும் அதைத்தானே... "பில்லப் பாருங்க சார்" என்று.